கன்றைத் துடைத்த சாக்கு

அம்மாவுக்கு ஸ்நேகா எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டிப் பண்ணையில் பிறந்த புதுக் கன்றுக்கு, செத்துப்போன செவலைப் பசுவின் நெற்றி வெள்ளை அப்படியே இருந்தது. நிறையக் கறந்த பசு என்று அதன் காதுத் தோலை எடுத்து, குளோனிங் முறையில் இன்னொரு பசுவின் வயிற்றில் வளர்த்த கன்று.

அதுவும் இறந்துவிட்டது.

“ஒண்ணு பொழைக்க எத்தினி சாவுதோ பாப்பா,” என்றார் மாடு பார்க்கும் ஆசீர்வாதம் அண்ணன்.

உடலைச் சோதனைக்கு எடுத்துப் போய்விட்டதால், நம் ஊர் மாதிரி கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயிடம் நிறுத்தவும் வழியில்லை. சுமந்த பசு கத்திக்கொண்டே இருந்தது. கன்றைத் துடைத்த சாக்கில் வைக்கோலை அடைத்து அதன் முன்னால் வைத்தேன். நக்கிக்கொண்டே நின்றது.

பால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைத்துவிடாதே.