கிளாக்கஸ், கிளாக்கா, கிளாக்கம்

இன்று காலை சாம்பல் பூசணி ஒன்றை அரிந்தேன். உள்ளங்கையெல்லாம் வெள்ளைப் பொடி. கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த நிறத்துக்கு நீங்கள் ஒரு சொல் சொன்னீர்களே, அது நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில், எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில், தாவரவியல் வகுப்பில் நமக்கு ஒரே மேசை. செடிகளின் லத்தீன் பெயர்களை நான் உருப்போடுவேன். நீங்கள் பொருள் தேடிக்கொண்டிருப்பீர்கள். "கிளாக்கஸ்னா சாம்பல் பூத்த பச்சை. கிரேக்கச் சொல்லு. லத்தீன்காரன் எடுத்து வச்சுக்கிட்டான்" என்றீர்கள், உங்கள் மூணாறு பள்ளிவாசல் எஸ்டேட் தமிழில். எனக்குச் சொல்லைவிட அதைச் சொன்ன குரல் பிடித்துப்போனது.

படிப்பு முடிந்ததும் என்னைப் பெண் கேட்டு எங்கள் ஊரான பெருமாட்டிக்கு வந்தீர்கள், தனியாக. அம்மா போன பிறகு அப்பாவுக்கு நான் ஒருத்திதான். என்னை மலைக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. உங்களுக்கு முகம் கொடுக்காமல் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் வரப்பில் நின்றீர்கள், செருப்பைக் கையில் பிடித்தபடி. நான் கிணற்றடியில் நின்றேன்.

"அப்படி என்னதானுங்க படிச்சீங்க?" என்றார் அப்பா கடைசியில்.

நீங்கள் ஒரு காயைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். "ஆண்பால் பேரோட வந்தா கிளாக்கஸ், பெண்பால்னா கிளாக்கா, ரெண்டும் இல்லாட்டி கிளாக்கம். கூட வர்ற பேருக்குத் தக்கன மாறிக்கிரும்யா."

அப்பா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "அப்ப எம்பட புள்ள உங்க ஊட்டுக்கு வந்தா அவளும் மாறிப்போயிருவாளுங்களா?"

நீங்கள் யோசிக்கக்கூட இல்லை.

"அவ எதுக்குய்யா மாறணும்? நான் இங்கிட்டே வந்துர்றேன்."

அப்பா மண்வெட்டியால் மடையை அடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, தம்பிக்கு மோரு கொண்டா."

சொன்னபடியே வந்தீர்கள். பக்கத்துப் பள்ளியில் வாத்தியாரானீர்கள், வெயிலுக்குப் பழகினீர்கள். அப்பா படுக்கையில் விழுந்தபோது அவருக்குச் சவரம் செய்துவிட்டவர் நீங்கள்தான். வேறு யாரையும் அவர் கிட்டே விடவில்லை. நீங்கள் கண்மூடிய அன்று ஊரே வந்து நின்றது. மலையிலிருந்து வந்தவர் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

போன வாரம் பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "அங்கிட்டு கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றேன். அந்த 'அங்கிட்டு' காதில் விழுந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, நீங்க மூணாறு பக்கமுங்களா?"

பிறந்ததிலிருந்து பெருமாட்டியை விட்டு நகராதவள் நான். சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமா" என்றேன்.