படத்தின் கீழே இருந்த கறுப்பு

9, திங்கள். தூறல்.

புஜ்ஜி, இன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. உன் சிநேகிதி நஸ்ரின் வண்ணாரப்பேட்டையிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் நீங்கள் சேர்ந்து செய்த லாரி ரோடு போட்டோ புத்தகம். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமாம். அதில் உன் படம் ஒன்றே ஒன்றுதான், அது சரி செய்யாமல் கிடக்கிறது. அன்று காலை டோல்கேட்டில் மீன் விற்கும்போது என்னை எடுத்தாயே, அது. மத்தியானம்தான் அந்தக் கண்டெய்னர் லாரி உன்னை அடித்தது.

எடுத்தவர்களே எடிட் பண்ண வேண்டுமாம். வேறு ஆள் பண்ணினால் அவர்கள் பெயரும் உன் பெயரோடு வருமாம். மனசு ஒப்பவில்லை.

"வூட்டு ஆளு பண்ணா?"

"அம்மான்னா ஒத்துக்குவாங்க. ஆனா உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி இந்தப் பேஜாரு?"

"நான் அஞ்சாவது கூட முடிக்கல. கையப் புட்ச்சி கத்துக்குடு."

"சரி, மொதல்ல கிராப் பண்ணணும்."

"பொம்பளைக்கு எதுக்கும்மா கிராப்பு?"

விழுந்து விழுந்து சிரித்தாள். முடி இல்லையாம், படத்தின் ஓரத்தை வெட்டுவதாம். நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு. பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

10, செவ்வாய். மேகம். காசிமேட்டில் சங்கரா மீன் இல்லை, காரப்பொடி மீன் மட்டும். சீக்கிரம் வந்துவிட்டேன்.

மௌஸ் பழக்கம். அம்பு எங்கேயோ ஓடுகிறது. பட்டனை அழுத்தினால் விரலை எடுக்கப் பயம். எடுத்த உடனே உன் படமெல்லாம் போய்விட்டால்? வெளிச்சம் கூட்டக் கற்றேன். மீன் செதில்கூடத் தெரிகிறது.

டீ போட்டுவிட்டு வந்தால் திரை கறுப்பு. கத்திவிட்டேன். எதிர் வீட்டு எல்லம்மா அக்கா ஓடி வந்தாள்.

"இன்னாடி, கரண்டு அட்ச்சிட்சா?"

"படம் பூட்ச்சிக்கா. எல்லாம் பூட்ச்சி."

போனில் நஸ்ரின்: "ஒண்ணியும் ஆவல ஆன்ட்டி. தூங்குது. லேசா தட்டுங்க, எழுந்துக்கும்."

ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார்கள். தூங்குது, எழுப்பாதீங்கம்மா. எனக்குத் தட்டக் கை வரவில்லை. எல்லம்மா அக்காதான் தட்டினாள்.

"தபார், முயிச்சிகிச்சி. உசுரே பூட்ட மாரி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

11, புதன். நல்ல வெயில்.

நஸ்ரின் சொன்ன வேலை: படத்தின் கீழே கறுப்பாக ஒன்று, அதை எடுப்பது. பிளாஸ்திரி படம் போட்ட பட்டன். அதை வைத்துத் தேய்த்தால் கறுப்பு போய் அங்கே ரோடு வந்துவிடுகிறது. முடித்ததும் சேவ்.

தேய்த்தேன். கழுவிவிட்ட மாதிரி ரோடு. எனக்கே பெருமை. சேவ் பண்ணி மூடிவிட்டேன்.

பாத்திரம் துலக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கறுப்புக்கு முழங்கை இருந்தது. இரண்டு பக்கமும் தூக்கினபடி. மேலே கொண்டை, கொண்டையில் குத்தின பேனா.

காலை வெயிலில் விழுந்த உன் நிழல். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்ற நீ. தேய்த்தது நான்.

நஸ்ரின் போன் எடுக்கவில்லை. திரும்பவும் எடுக்கவில்லை. லேப்டாப் பக்கம் போகவே பயம். திறந்தால் இல்லை என்று தெரிந்துவிடும். ரோட்டில் ஹாரன். ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது.

12, வியாழன். சமைக்கவில்லை.

நஸ்ரின் வந்தாள். நேற்று ஏன் போன் எடுக்கவில்லை என்றுகூட நான் கேட்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"ஐய, அழாதீங்க ஆன்ட்டி. நீங்க தேச்சது டூப்ளிகேட்டு. அவ எடுத்தது அப்டியே தனியா கீது."

திறந்து காட்டினாள். இருந்தாய்.

மறுபடி முதலிலிருந்து. கிராப். வெளிச்சம். கீழே கை வைக்கவில்லை.

"எடுக்கறவங்க நெழலு வுழுந்தா தப்பும்பாரு எங்க காலேஜ் சாரு. படத்தையே தூக்கிடுவாரு."

"தூக்கட்டும். நான் தேய்க்க மாட்டேன்."

சொல்லிவிட்டேன். தூக்கிவிட்டால் புத்தகத்தில் நீயே இல்லை. என் பிடிவாதத்தால்.

13, வெள்ளி. புழுக்கம்.

அனுப்பியாகிவிட்டது. போன் அடித்தாலே ஓடிப் போய் எடுக்கிறேன். எல்லம்மா அக்கா என் கூடையையும் சேர்த்து விற்றாள்.

சாயங்காலம் நஸ்ரின் பேசினாள். சார் முதலில் கூடாது என்றாராம். யார் நிழல் என்று இவள் சொன்னதும் சேர்த்துக்கொண்டாராம். உன் பெயர் மட்டும்.

லேப்டாப்பை நாளைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை நாள் ஓரத்தையும் கீழேயும் பார்த்தேனே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மீனைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி உன்னைப் பார்க்கிறேன். வாய் திறந்திருக்கிறது. ஏதோ சொல்கிறேன். தள்ளி நில் என்றா? சாப்பிட்டுவிட்டுப் போ என்றா? திட்டினேனா? அதற்கப்புறம் நாம் பேசவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை, பயமாக இருக்கிறது.

புஜ்ஜி, என்னடி சொன்னேன்?