ஸ்கோப்பில் தெரியாத இடது கால்

சாப்பிடக் கூப்பிட்டால் முதல் குரலிலேயே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடும் என் ஏழுமலை மச்சானுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாள். தெருமுனையில் வைக்க ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும். போட்டோவை உங்கள் தங்கை செல்வியே தேர்ந்தெடுத்துவிட்டாள். நீலச் சட்டை, சீவாத தலை, பாதிச் சிரிப்பு. அதற்குக் கீழே நாலு வரி எழுதித் தரச் சொல்லி மூன்று நாள் ஆகிறது. "ஃபேக்டரில இருக்கிறவங்களுக்கெல்லாம் லீவு லெட்டர் எழுதித் தர்றீங்க. எங்க அண்ணனுக்கு நாலு வரி வராதா?" என்று இன்று காலை கேட்டேவிட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வரி வரவில்லை மச்சான். இதுதான் வருகிறது.

முதலில் வீட்டு நிலவரம். செல்வி இன்னமும் உங்களையும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். மிஞ்சுகிற சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் அவளே சாப்பிடுகிறாள். எனக்கு மட்டும் இட்லி. குறைத்துப் போடேன் என்றால், "கம்மியாப் போட கை வர மாட்டேங்குது" என்கிறாள்.

தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, தனக்கென்று ஒன்று பார்த்துக்கொள்ளாமல், எங்கள் வீட்டிலேயே பதினெட்டு வருஷம் இருந்துவிட்டீர்கள். அதற்காக உங்களை நான் செய்யாத கிண்டல் உண்டா? "சீர்வரிசைல கட்டிலு, பீரோ, கூடவே ஒரு மச்சானையும் ஏத்தி அனுப்பிட்டாங்க" என்று நம் தோல் ஃபேக்டரி கேண்டீனில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுவேன். நீங்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பீர்கள். நமக்குள் பேச்சே அப்படித்தான் ஓடியது. கிண்டல் இல்லாமல் உங்களோடு ஒரு விஷயம் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

செல்வி அழுவது குறைந்துவிட்டது. ஆனால் ஒரு பேச்சை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். மீன் கழுவும்போது வரும், துணி மடிக்கும்போது வரும். "ஒரே ஒரு அறிகுறி காட்டியிருந்தா போதுமே. காலு சில்லுனு இருக்குது, மரத்துப் போவுதுன்னு ஒரு வார்த்தை. நான் தூக்கிக்கினு ஓடியிருப்பேனே." அவள் இப்படித் தொடங்கியதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவேன். ஒரு வருஷமாக வேண்டாத டீ எத்தனை குடித்தேனோ தெரியாது. அறிகுறி காட்டினீர்கள் என்பதும், அதை யார் பார்த்தது என்பதும் அவளுக்குத் தெரியாது.

அந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாம்பிள் ரூமுக்கு நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். தோலில் பேட்டர்ன் வெட்ட நீங்கள், தைத்துப் பார்க்க நான். அமெரிக்க ஆர்டர் ஒன்று வந்திருந்தது. துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தெர்மல் ஸ்கோப்புக்குத் தோல் உறை. சென்னையிலிருந்து வந்த ஏஜென்ட், துப்பாக்கி இல்லாத வெறும் ஸ்கோப்பை அளவெடுக்கக் கொண்டுவந்திருந்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாக, டார்ச் லைட் மாதிரி இருந்தது.

இது எதற்கு சார் என்று நான் கேட்டதும் அவர் லேப்டாப்பில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். திரை முழுக்கச் சாம்பல் நிறம். கும்மிருட்டாம், ஆனாலும் உடம்புச் சூட்டை வைத்தே அந்தக் கருவி எல்லாவற்றையும் பார்த்துவிடுமாம். சூடாக இருப்பது வெள்ளையாகத் தெரியும், சில்லிட்டது கறுப்பாகிவிடும். தூரத்தில் வெள்ளையாக ஒன்று ஓடி வந்தது. "கயோட்டி. நம்ம ஊர் நரி மாதிரி. ஆட்டுக்குட்டி, கன்னுக்குட்டியைத் தூக்கிடுது, அதான் சுடறாங்க" என்றார் ஏஜென்ட். வீடியோவில் ஏதோ வீறிடுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்ன சத்தம் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தது.

"அது முயலு கத்துற சத்தம் மாப்ள. நாய் வாயில மாட்டுனா இப்படித்தான் கத்தும்" என்றீர்கள். சின்ன வயசில் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குத் திரிந்தவர் நீங்கள். ஃபாரஸ்ட்காரர் பிடித்து ஒரு நாள் முழுக்க உட்கார வைத்த பிறகு விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஏஜென்ட் ஆச்சரியப்பட்டுப் போனார். ஆமாம், ஸ்பீக்கரில் முயல் சத்தத்தைப் போட்டுத்தான் அதை வரவழைப்பார்கள் என்றார். வெள்ளை உருவம் நின்றது, காதைத் திருப்பிக் கேட்டது, இரண்டு அடி முன்னால் வந்தது. அப்படியே சரிந்தது.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "நாங்க லைட்டு அடிச்சோம். ஆள் வந்துட்டான்னாவது அதுக்குத் தெரியும். இது இன்னா மாப்ள, பசிச்சி வர்றத கூப்புட்டு அடிக்கிறானுங்க?" அதற்கும் நான் ஏதோ கிண்டலாகத்தான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை.

பிறகு ஸ்கோப்பைக் கையில் கொடுத்தார். முதலில் நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, "மாப்ள, உன் தொப்பதான் பளீர்னு எரியுது" என்றீர்கள். அப்புறம் நான் வாங்கி, அறையின் இந்தக் கோடியிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்தேன். ஏசி ரூம் என்பதால் எல்லாருடைய செருப்பும் வெளியே கிடந்தது. உங்கள் முகம் வெள்ளை, கைகள் வெள்ளை, வலது பாதம் வெள்ளை. இடது கால் கணுக்காலோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே இருந்தது தரையின் கறுப்போடு கலந்துபோய்த் தெரியவே இல்லை.

"மச்சான், உங்க எடது காலு செத்துப்போச்சு! ஸ்க்ரீன்லயே காணோம்!" என்று கத்தினேன். ஆளாளுக்கு வாங்கிப் பார்த்துச் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். "தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தண்ணில நின்ன காலு. அது எப்பவும் அப்படித்தான்" என்றீர்கள். நம் பக்கம் இந்தப் பதில் யாருக்கும் போதும். பச்சைத் தோலை ஊறவைக்கிற தொட்டிப் பக்கம் பத்து வருஷம் நின்றவன் கால் வெடித்திருக்கும், உரிந்திருக்கும், உணர்ச்சி கம்மியாக இருக்கும். நல்ல பாதத்தைப் பார்த்தால்தான் இங்கே ஆச்சரியப்படுவோம்.

ஏஜென்ட் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரத்த ஓட்டம் கம்மியா இருக்கும்ங்க. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். நீங்கள் வலது பாதத்தால் இடது பாதத்தைத் தேய்த்துக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஏதோ கேட்க வாயைத் திறந்தீர்கள். நான் முந்திக்கொண்டேன். "அட நீங்க வேற சார். இவருக்கு ஓடுற ரத்தம் பூரா எங்க வீட்டுச் சோறுதான். ஓட்டத்துக்கு இன்னா கொறச்சல்?" மறுபடியும் சிரிப்பு. நீங்கள் வாயை மூடிக்கொண்டு தோலை விரிக்க எழுந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு என்ன கேட்க வந்தீர்கள் மச்சான்? எந்த டாக்டர் என்றா? அடிக்கடி மரத்துப்போகிறது சார் என்று சொல்லவா? நான் ஒரு நிமிஷம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் பதில் சொல்லியிருப்பார். என் புத்திக்கும் அது எட்டியிருக்கும்.

அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் தோல் வெட்டுகிற இரும்பு டை உங்கள் இடது கால் விரலில் விழுந்தது. விழுந்ததே உங்களுக்குத் தெரியவில்லை. தோலில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவர், சொந்த விரல் நசுங்கியதை ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டீர்கள். மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள். விரல் கறுத்துப்போய் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, சுகர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் சீழ் மேலே ஏறிவிட்டது.

வார்டில் அந்தப் பெண் டாக்டர் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? "இதுக்கு முன்னாடி கால் சில்லுன்னு இருந்திருக்கா? யாராவது கவனிச்சீங்களா?" செல்வி, "ஒண்ணுமே சொல்லல டாக்டர்" என்று அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தலையணையில் இருந்தபடியே என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் சொன்னீர்கள்: "இல்ல டாக்டர். நல்லாத்தான் இருந்துச்சு."

எதற்காக அப்படிச் சொன்னீர்கள்? என்னைக் காப்பாற்றவா? தங்கச்சிக்கு அவள் புருஷன் மேல் மனஸ்தாபம் வந்துவிடக் கூடாது என்றா? உண்மையிலேயே மறந்துவிட்டீர்களா? தனியாக இருந்தபோது கேட்டிருக்கலாம். மூன்று நாள் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். மூன்று நாளும் நர்ஸைக் கிண்டல் செய்து உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

இத்தனையும் சொல்லாமலேயே இருந்திருப்பேன். போன வாரம் அந்த ஏஜென்ட் மறுபடி வந்தார். அதே உறை, இன்னும் ஜாஸ்தி கேட்கிறார்களாம். நீங்கள் வெட்டி வைத்த பேட்டர்ன் அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் தோளைத் தொட்டு, "அன்னிக்கு கால் தெரியலன்னு சிரிச்சோமே, உங்க மச்சான், அவர் டாக்டர்கிட்ட போனாரா?" என்று கேட்டார். "போனாரு சார்" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பின் பழக்கமில்லாத மனிதர் மச்சான். ஒரே ஒரு தடவை பார்த்த உங்கள் காலை ஏறக்குறைய இரண்டு வருஷமாக மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொல்லிவிட்டால் செல்வி என்னை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. அவளுக்கு அப்பா, அம்மா எல்லாம் நீங்கள்தான். இனிமேல் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் நான் சிரித்த சிரிப்புதான் அவளுக்கு ஞாபகம் வரும். ஆனால் நான் சொல்லாதவரை, அண்ணன் தன்னிடம்கூட மறைத்துவிட்டான் என்றே அவள் உங்களை நினைத்துக்கொண்டிருப்பாள். நான் செய்ததற்கு நீங்கள் கெட்ட பேர் வாங்கக் கூடாது.

அதனால் ஃப்ளெக்ஸுக்கு நாலு வரியை அச்சடிக்கிறவரே போட்டுக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தை இன்று அடுப்பு வேலை முடிந்ததும் செல்வி கையில் கொடுக்கப்போகிறேன். வரிக்கு மேல் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகத்தான் படிப்பாள். சாம்பிள் ரூம் வருகிற இடத்தில் விரல் நின்றுவிடும். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அப்போது நான் கிண்டலாக ஒன்றும் சொல்ல மாட்டேன். சட்டையைத் தேட மாட்டேன். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாலும், என்ன சொன்னாலும், அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட,
உங்கள் மாப்பிள்ளை
தாமோதரன்