உங்கள் கணினி திறந்துவிட்டது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயசீலன்,

நீங்கள் விட்டுப்போன மடிக்கணினி போன வாரம் நின்றுபோனது. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இணையம் உள்ள கடைக்கு உங்கள் கலா அதைக் கொண்டுபோயிருந்தாள். புதுப்பிக்கவா என்று கணினி கேட்டதாம். "கேட்டா சரின்னு குடு" என்று நீங்கள் சொல்லிவைத்தபடியே கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிப் பாதியில் நின்றுவிட்டது.

கலா அழவில்லை. அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவளுக்காக நீங்கள் பேசிப் பதிந்ததெல்லாம் அதற்குள்தான். நீங்களே இல்லாதபோது உங்கள் குரல் வேறெங்கே இருக்கிறது?

மறுநாள் நம் தோட்டத்து லயத்து வீடுகளில் பொலிஸ் சோதனை. சார்ஜன்ட் கண்ணில் கணினி பட்டுவிட்டது.

"மேக்க அரின்ன, மாஸ்டர்." திறந்து காட்டச் சொல்கிறார். போட்டேன். அதே கறுப்புத் திரை.

"என்ன இது, ரகசியச் செய்தியா?" என்று சிங்களத்தில் கேட்டார், கூட வந்த பொலிஸ்காரர்.

"பழுது, மாத்தயா."

"பழுதுன்னா ஸ்டேஷன்ல வச்சுத் திறப்போம். மகளும் வரட்டும்" என்றார் சார்ஜன்ட்.

கலா சுவரோடு ஒட்டி நின்றாள். அப்போதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன உதாரணம் ஞாபகம் வந்தது. "கணினிக்குள்ள கெர்னல்னா கங்காணி மாதிரி மாமா. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கிறவரு. புதுப்பிச்சதும் புதுசா வந்தவருக்கு ஆள் தெரியலைன்னா, காலையில வேலை பிரிக்கிற பெரட்டு அப்படியே நின்னுரும். ஆனா இதுல ஓடுற லினக்ஸ் பழைய கங்காணிய வீட்டுக்கு அனுப்பாது, பட்டியல்ல கீழ நிக்க வச்சிருக்கும்."

"நம்ம தோட்டத்துத் தொரைக்கு இந்தப் புத்தி இல்லையே" என்று அன்றைக்கு நான் சிரித்தேன்.

அணைத்துத் திரும்பப் போட்டு, நீங்கள் காட்டித் தந்தபடி எஸ்கேப் பொத்தானை அழுத்தினேன். பட்டியல் வந்தது. கீழே இறங்கிப் பழைய கெர்னலைத் தட்டினேன். திறந்தது, மாப்பிள்ளை! கலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார்ஜன்ட் நேரே ஒலிப்பதிவுகளுக்குப் போய் ஒன்றைத் தட்டினார். மூச்சு வாங்க வாங்க நீங்கள் பேசினீர்கள்.

"கலா, இன்னைக்கு வலி ரொம்ப. மாமாகிட்ட சொல்லிறாத. நல்லா இருக்கேன்னே சொல்லு."

"மொகத கியன்னே?" என்ன சொல்கிறான் என்று என்னைத்தான் கேட்டார்.

பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ஒரு வரி எனக்கு வாயில் வரவில்லை. கலாதான் தரையைப் பார்த்தபடி சிங்களத்தில் சொன்னாள். நான் பார்க்க வந்தபோதெல்லாம் "தேவலை மாமா" என்று சிரித்தீர்களே, எப்படி முடிந்தது உங்களால்?

சார்ஜன்ட் கணினியை மூடினார். பிறகு, மற்றதையும் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும் என்று கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கலாவை விட்டுவிட்டுப் போனார், அதுதான் மிச்சம்.

நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். தமிழ் தெரிந்த அந்த ஒருவராக என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பேன். எனக்குத் தெரியக்கூடாது என்று நீங்கள் மறைத்த வலியையெல்லாம் நான் கேட்க வேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை வாயடைத்து நிற்க மாட்டேன். ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொல்லி முடித்து, உங்கள் குரலை வாங்கிக்கொண்டுதான் கலா முன்னால் வந்து நிற்பேன்.

உங்களை மருமகனாகப் பெற்ற,
மாமா