வெட்டிய நான்கு நிமிடம்

இவ்வளவு நாள் வாயை மூடியிருந்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு சபை மண்டபத்தில் நாம் எடுத்த உன் ஆவணப்படத்தை மறுபடி போட்டார்கள். மனநோயிலிருந்தும் குடியிலிருந்தும் நீ மீண்ட கதை. நீ எப்படிச் செத்தாய் என்பதை யாரும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த உன் மனைவி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “படத்துல எல்லாம் சரியாயிட்டுன்னு சொன்னாவளே அண்ணாச்சி. என்னையுமா இவுக ஏமாத்துனாவ?”

வீட்டுக்கு வந்து பழைய மெமரி கார்டைத் தேடி எடுத்தேன்.

அதில் சீவலப்பேரி ஆற்றுப் படித்துறை. படம் எடுத்த நாட்களில் நீ மாத்திரையை நிறுத்தி, மறுபடி குடித்த மறுநாள் காலை. உன் முகம் வீங்கியிருக்கிறது. கேமராவை இறக்கப் போன என்னிடம், “எடுலே, நிறுத்தாத. இதுவும் நாந்தான்” என்றாய். நான்கு நிமிடம் பேசினாய். நடுவில் எருமை ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. “அதுக்கு டாக்டரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், பாரு” என்று சிரித்தாய்.

அதைத்தான் வெட்டினேன். எம்.ஏ. படித்துவிட்டுப் பேட்டையில் கல்யாண வீடியோ தொகுக்கிறவன் நான். பந்திச் சண்டையை வெட்டுவதுபோல வெட்டினேன். மீண்டவன் மறுபடி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று வாதாடினேன். நீ அரைமனதாகச் சரி என்றாய்.

பிறகு கல்லூரிகள், சபைகள், மேடைகள். உனக்குப் பொன்னாடை. தொகுத்தவன் கடைசி வரிசையில் இருந்தான். அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, நீயும்தான். அந்தக் கோபம் இப்போதும் ஆறவில்லை.

அந்தக் கோபத்தோடுதான், நீ மறுபடி குடிக்கத் தொடங்கி என் கடைக்கு வந்த அன்றும் இருந்தேன்.

“ஊர்ல எல்லாரும் நான் சொகமாயிட்டேன்னு நம்புதாங்க. இனி யார்ட்டலே போய்ச் சொல்ல? நீ வெட்டுன துண்டத் திருப்பிச் சேத்துரு. பாத்தா வீட்ல அவளுக்காவது புரியும்.”

“பொன்னாடை போட்டாம்லா, அவன்ட்டப் போய்ச் சொல்லும் வே.” கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

நீ பைய எழுந்து போனாய். இரண்டு மாதத்தில் குடித்தே செத்தாய்.

நீ அவளை ஏமாற்றவில்லை. சொல்லத்தான் வந்தாய். நான் விடவில்லை. கேமராவை அணைக்கும்போதெல்லாம் என் காதில் ‘நிறுத்தாத’ என்கிறாய். இன்றும் கை ஒரு கணம் நின்றுதான் அணைக்கிறது.

கார்டையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் வைத்து உன் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். அவள்தான் பிரிப்பாள். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். படத்தின் முடிவில் என் பெயர் உன் பெயரைவிடச் சற்று அதிக நேரம் நிற்கும். அப்படி வைத்தது நான்தான். இதில் பெயர் போடவில்லை. அப்படியே தபால் பெட்டியில் போடுகிறேன்.