ஹெலிபேடில் நான் கட்டிய வேட்டி

அனுப்புநர்:
மு. ஐயாவு (வயது 74),
ஓய்வுபெற்ற தோட்ட அலுவலக எழுத்தர்,
மேட்டுக் குடியிருப்பு, கச்சால் தீவு.

பெறுநர்:
ஹெலிகாப்டர் விபத்து விசாரணை அதிகாரி அவர்கள்,
போர்ட் பிளேர்.

பொருள்: 17.07.2025 அன்று மலைமேட்டு ஹெலிபேடில் நடந்த விபத்து – விமானி திரு. தேவேந்திரன் மீது தவறில்லை எனத் தெரிவித்தலும், என் மீதே புகார் அளித்தலும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி சொர்ணம்மா இன்று உயிரோடு இருக்கிறாள். இந்த நன்றியைச் சொல்லாமல் புகாரைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

2. எங்கள் ஹெலிபேடில் காற்றின் திசை காட்டும் துணிப்பை மே மாத மழையில் கிழிந்துபோயிற்று. புதிது கேட்டு மூன்று முறை மனு எழுதினேன். வாசகம் சரியில்லையோ, இதைக் கேட்க நான் யார் என்றெல்லாம் தயங்கி மூன்றையும் அனுப்பாமல் விட்டேன். பதிலாக, என் பழைய நாலு முழ வேட்டியைக் குழல்போலத் தைத்துக் கம்பத்தில் கட்டினேன். யாரிடமும் அனுமதி பெறவில்லை. வெயில் நாளில் அது நன்றாகவே பறந்தது.

3. அன்று சொர்ணம்மாவுக்குக் குடல்வால் வீங்கி, அவளைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டர் வந்தது. காலை மழையில் நனைந்த வேட்டி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. ஆனால் மேட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் சாய்ந்து ஆடுவதை நான் பார்த்தேன். கையை ஆட்டித் தடுத்திருக்கலாம். மேலே இருப்பவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நின்றுவிட்டேன். காற்றில்லை என நம்பி இறங்கிய ஹெலிகாப்டரை மலைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. தரையில் மோதி, ஒரு சக்கரம் ஒடிந்து, சரிவில் சாய்ந்து நின்றது.

4. தோள்பட்டை பிசகிய நிலையில் வெளியே வந்த விமானி முதலில் சொன்னது இதுதான்: "எறங்கும்போது பாத்தேன், கமோர்டா கப்பல் இன்னும் ஜெட்டியிலதான் நிக்குது. அம்மாவ ஜல்தி தூக்குங்க." ரேடியோவில் பேசிக் கப்பலையும் நிறுத்திவைத்தார். அதில் பக்கத்துத் தீவான கமோர்டாவுக்குப் போய், அங்கிருந்து மறுநாள் வேறு ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் சென்றோம்; அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. கண் விழித்த சொர்ணம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க வேட்டிய நம்பி ஒரு மனுசன் ஆகாயத்துலருந்து எறங்கியிருக்காரு. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லிப்புடுங்க" என்றாள்.

5. விமானியின் கவனக்குறைவே காரணம் என்று பேசப்படுவதாகவும், அவருடைய உரிமம் பறிபோகலாம் என்றும் அறிகிறேன். 22ஆம் தேதி முடிவெடுக்குமுன் என் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். வேட்டியை அவிழ்த்து, துவைக்காமல் வைத்திருக்கிறேன். கம்பம் இப்போது வெறுமையாக இருப்பதால் புதிய துணிப்பை ஒன்று உடனே அனுப்ப ஆவன செய்யவும். தங்கள் முன் நேரில் வர 18ஆம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உரிய தண்டனை எதுவாயினும் ஏற்பேன்.

அதிகாரிகள் முன் நின்றால் எனக்கு நாக்குக் குழறும். அங்கே நான் எதையேனும் விட்டுவிட்டால், இந்தத் தாளில் உள்ளதையே என் வாய்ச்சொல்லாக ஏற்று, அந்த நல்ல மனிதரைக் காப்பாற்றுங்கள்.

இடம்: கச்சால்
நாள்: 11.08.2025

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்தும்,
(ஒப்பம்) மு. ஐயாவு