திறக்க முடியாத வாழ்த்து அட்டைகள்

சிவப்பு மையின் சக்கரவர்த்தியே, என் ஆசை மச்சானே,

எழுபத்திரண்டு தட்டுகளின் தனிப்பெரும் ஜமீன்தார், விருதுநகர் ஒற்றை ஆள் சமஸ்தானத்தின் அதிபதி, உங்கள் மச்சினன் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். எப்பேர்ப்பட்ட நலம்? காலையில் ஒரு யானையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கவே போகிறேன். நீங்கள் இருந்தால் அந்த யானையை அடித்துவிட்டு மேலே "பூனை" என்று திருத்தியிருப்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்கள் கையில் இந்தக் கடிதம் சிக்கினாலும் சிக்கும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் அக்காள் புருஷன். காலண்டரும் வாழ்த்து அட்டையும் அடிக்கிற சிவகாசி அச்சகத்தில் ஆயுசு முழுக்க ப்ரூஃப் பார்த்தவர். அக்காள் முந்திக்கொண்டு போனாள். போன மாசியில் நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். அங்கனயும் திருத்த வேலை இருக்கிறதா மச்சான்?

உங்களுக்கு அட்டைப் பைத்தியம், எனக்குத் தட்டுப் பைத்தியம். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் என்று எந்தப் பண்டிகைப் படம் போட்ட பழைய அட்டை கிடைத்தாலும் உங்கள் டிரங்குப் பெட்டிக்குப் போகும். படம் போட்ட தகரத் தட்டு, பீங்கான் தட்டு, கண்ணாடித் தம்ளர் எல்லாம் என் அலமாரிக்கு வரும். கலர் விலகி நாலு கொம்பாகிப் போன பொங்கல் மாட்டுத் தட்டுக்காக நான் ஏழு ஊரோடு யுத்தம் செய்தேன். வெம்பக்கோட்டையில் ஒரு டீக்கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கியதுதான் அந்த யுத்தம்.

ஒரே அட்டை இரண்டு கிடைத்தால் ஒன்று உங்கள் பெட்டிக்கு, மற்றது நான் எழுதித் தபாலில் போட. இதுதானே நம் சட்டம்? சிவகாசி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனாலும் அட்டைக்குள் என் அண்டப் புளுகை எழுதித் தபாலில்தான் அனுப்புவேன். நீங்கள் அதைச் சிவப்பில் திருத்திப் பெட்டியில் வைப்பீர்கள். நான் வரும்போது எடுத்துக் காட்டுவீர்கள். விருதுநகரில் வெள்ளம், பஸ் ஸ்டாண்டில் கட்டுமரம் ஓடுகிறது என்று எழுதினேன். "தூறல்" என்று போட்டீர்கள். எனக்குக் காய்ச்சல், நெற்றியில் தோசை சுட்டுத் தெருவுக்கே கொடுத்தார்கள் என்று எழுதினேன். "நேரில் பார்த்துத் திருத்தப்படும்" என்று ஓரத்தில் எழுதி, அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு சாயந்திர பஸ்ஸிலேயே வந்து இறங்கினீர்கள்.

இப்போது நான் எதைச் சொன்னாலும் ஜனங்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள் மச்சான். இதைவிடப் பெரிய தண்டனை ஒரு பொய்க்காரனுக்கு உண்டா?

தீபாவளிக்கு உங்கள் மகள் செல்வி கூப்பிட்டாள். உங்கள் நாற்காலிக்கு எதிரே போய் உட்கார எனக்குத் தெம்பில்லை. "வீட்டுல எழுபத்திரண்டு பேர் விருந்துக்கு வாராக தாயி, அடுப்பை விட்டு நகர முடியல" என்றேன். "அம்புட்டுப் பேருக்கும் நீங்களேவா மாமா சமைக்கீக?" என்று பரிதாபப்பட்டு வைத்துவிட்டாள். சொன்ன சொல் முழுப்பொய் ஆகக்கூடாதே என்று எழுபத்திரண்டு தட்டையும் வரிசையாகப் பரப்பினேன். தட்டுக்கு ஒரு விள்ளல் இட்லி. நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். நாற்பதாவது தட்டில், நீலத் தாடி கிறிஸ்துமஸ் தாத்தாவின் மேல் இருந்த விள்ளலை மட்டும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் வினை. கார்த்திகை மழையில் உங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. செல்வி போன் போட்டாள்.

"மாமா, அப்பா டிரங்குப் பெட்டி மேல தண்ணி சொட்டுது. உள்ள பூராம் பழைய வாழ்த்து அட்டை. பேப்பர்காரர்ட்ட போட்டுறட்டா?"

"எனக்கு வேணும் தாயி" என்றால் முடிந்தது. மூன்றே வார்த்தை. அது என் வாயில் வந்தால்தானே?

"பேப்பர்காரருக்கா! லண்டன் அரண்மனையில இதுல ஒரே ஒரு அட்டை இருக்கு. அதுக்கே ரெண்டு பீரங்கி காவல் நிக்குது. மூச்சுக்காத்து பட்டா கெட்டுப்போகும்னு பாக்கப் போறவன்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போறான்!"

"ஐயையோ, காத்தே படக்கூடாதா மாமா?"

"படவே கூடாது!"

இந்த இடத்தில் யாராவது ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்க வேண்டும்.

செல்வியின் மாப்பிள்ளைக்கு லேமினேஷன் பட்டறையில் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் வரச் சொன்னார்கள், போனேன். "வாங்க மாமா, சாப்பிட்டீகளா? முதல்ல கண்ணை மூடுங்க" என்றாள் செல்வி. திறந்தால் கூடம் முழுக்கப் பளபளப்பு. உங்கள் அட்டைகள் அத்தனையும் பிளாஸ்டிக்குக்குள் இருந்தன. மடித்த அட்டைகள் மடித்தபடியே.

"டபுள் சைடு மாமா, நல்ல கனமான ஷீட்டு" என்றார் மாப்பிள்ளை. நான்கு ஞாயிற்றுக்கிழமை லீவையும் அதற்கே கொடுத்திருக்கிறார். "இனிமே காத்து படாது, தண்ணி படாது, கரையான் அண்டாது" என்றாள் செல்வி. அவள் முகத்தைப் பார்த்தேன். அக்காள் சிரிப்பது மாதிரியே இருந்தது.

"நல்லாருக்கு தாயி" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" அவள் சிரிப்பு நின்றது. "தேவலோகத்துல கூட இப்படி இல்லன்னுல்லா சொல்லுவீக? நீங்க வெறும் நல்லாருக்குன்னா ஏதோ நல்லால்ல. என்ன மாமா?"

அப்பா எழுத்து உள்ளே இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாது மச்சான். அட்டைகளை வெளியே மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அவளே பிளேடு எடுத்து ஒன்றை ஓரமாக அறுத்தாள். உள்தாளை ஒட்டிய பழைய பசை சூட்டில் இளகி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. பிரித்தபோது தாள் உரிந்து வந்தது. உங்கள் எழுத்தில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இரண்டும் படிக்கும்படி இல்லை. "வேற அறுக்க வேண்டாம் தாயி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. பட்டறையில் எல்லாரையும்விடச் சுத்தமாக வேலை செய்கிறவர். காற்று படக்கூடாது என்று சொன்ன வாய் என் வாய்.

பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் செல்வி கேட்டாள்: "உள்ள என்ன எழுதியிருந்தாக? உங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா?"

"ஞாபகமா! ஒரு புள்ளி விடாம ஒப்பிப்பேன். வெளிப்படத்தைக் காட்டு, உள்ள இருக்கறதை அருவி மாதிரி கொட்டுறேன்!"

நம்பிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், இருநூறு பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "பொங்கலுக்கு வரும்போது எழுதிட்டு வாங்க மாமா. அப்பா எனக்கு ஒரு வரி கூட எழுதினது இல்ல" என்றாள்.

நான்கு நாளாக அந்த நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்களை மாதிரி எழுதுவது எனக்குப் பெரிய வித்தை இல்லை. இருநூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவேன். செல்வி பிழை கண்டுபிடிக்க மாட்டாள். கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

அதனால் உங்களிடம் மட்டும் கணக்கைச் சரியாகச் சொல்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது நாலு வரி. முட்டி முட்டிப் பார்த்துவிட்டேன் மச்சான், நாலுதான்.

அந்த நாலையும் உங்கள் வார்த்தையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுப்பேன். ஐந்தாவது ஒன்றை நானாக எழுத மாட்டேன். இது சத்தியம். மீதிப் பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
திருத்த ஆளில்லாத உங்கள் மச்சினன்